வந்தவர், வரவேண்டியவர்

பல்செட்காரர் என்று சொன்னால்தான் தெருவில் அவரைத் தெரியும். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துக்கொண்டு மாடியறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். இருபத்தோரு வருடமாக அடுத்தவர் வாய்க்குச் சாப்பிட வழி செய்துகொண்டிருந்த மனிதர். தன் குடும்பம் சாப்பிடுவதற்கு எங்கேயோ விண்ணப்பம் போட வேண்டியிருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் கேளிக்கைப் பூங்காவுக்குச் சீட்டு வாங்கினாள். மூன்று நாள். தங்குமிடமும் அவளே பார்த்துவிட்டாள். சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. உள் உணவுக்கு முன்பதிவு இல்லாமல் அனுமதி இல்லை. "இந்த ஒரு வேலைய மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்று சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

பூங்காவின் உணவு அனுமதிப் பிரிவில் தொலைபேசியை எடுத்த பெண் அலுவலரின் குரல் தேனாக ஒழுகியது. எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்குப் பசிக்கும் என்று கேட்டாள். பசிக்கும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்ததாகப் பல்செட்காரர் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள் என்று அவள் பரிவோடு ஒத்துக்கொண்டாள்.

"பசிங்கறது ஒரு உணர்ச்சி சார். உணர்ச்சிய நம்பி நாங்க அடுப்பு பத்த வைக்க முடியாது. நூத்தி எண்பது நாளைக்கு முன்னாடி காலையில ஆறு மணிக்குப் பதிவு ஆரம்பிச்சோம். ஆறு நாலுக்கு முடிஞ்சிருச்சு."

நாலே நிமிடத்தில் மூன்று நாள் சாப்பாடு தீர்ந்துவிட்டதா என்று இவர் கேட்டார்.

"சாப்பாடு தீரல சார். மேசைதான் தீர்ந்துச்சு. சாப்பாடு எப்பவும் ஏகப்பட்டது மிஞ்சும். சாயங்காலம் கொட்டிருவோம்."

இரண்டு பெண் பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள் என்று பல்செட்காரர் கெஞ்சினார். சின்னவளுக்கு ஏழு வயது. பூங்காவின் சின்னமான கரடி, கோட்டை மண்டப விருந்தில் மேசை மேசையாக வந்து கைகுலுக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமாகக் கரடிக்கு எந்தக் கையைக் கொடுப்பது என்பதுதான் அவளுக்கு யோசனை. பெரியவளுக்குப் பதிமூன்று. கரடியில் நம்பிக்கை போய்விட்டாலும் ராட்டினத்தில் இருந்தது.

அலுவலர் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தயக்கப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதாம். எல்லா வேளைக்கும், கோட்டை மண்டப விருந்து உட்பட, பதிவு செய்துவிட்டு இப்போது வரத் தயங்குகிற குடும்பம் ஒன்று அதில் இருந்தது. ஐந்து பேர். அவர்களுடைய இடத்தை இவர் குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் குறிப்புகள் எதையும் மாற்ற முடியாது. ஐந்து ஐந்தாகவே இருக்கும்.

தயக்கம் என்றால் அவர்களே ரத்து செய்துவிடலாமே என்று இவர் கேட்டார்.

"ரத்து செய்யணும்னா பதிவுல இருக்கற அஞ்சு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார். அவங்க அஞ்சு பேரா வர முடியலங்கறாங்க."

ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துப் பல்செட்காரர் சரி என்றார். இரண்டு நாளில் படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வேலை முடிந்தது என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

பூங்கா வாசலில் ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை கட்டினார்கள். பட்டையில் பெயர் இல்லை. பெயர் மனிதர்களைப் பிரித்து வைக்கிறது என்பது நிர்வாகத்தின் கொள்கையாம். அதனால் உறவு மட்டும் அச்சாகியிருந்தது. இவருக்கு அப்பா. மனைவிக்கு அம்மா. பதிவில் இருந்த குடும்பத்தில் மூத்தது பையன் என்பதால் பெரியவளுக்கு அண்ணன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னவளுக்கு அக்கா. ஐந்தாவது பட்டையில் தம்பி என்று இருந்தது. அதைக் கட்ட எழுத்தர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நாங்கள் நாலு பேர்தான் என்று பல்செட்காரர் சொன்னார். எழுத்தர் தாளைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மூன்று தடவை பார்த்ததில் இரண்டு தடவை தாள் ஐந்து என்று சொன்னதால் அதுவே முடிவானது. பட்டையைச் சின்னவள் கையில் கொடுத்து, தம்பி வந்ததும் கட்டிவிடச் சொன்னார்.

"எப்ப வருவான்?" என்று சின்னவள் கேட்டாள்.

"பசிச்சா வந்துருவான்" என்றார் எழுத்தர்.

காலை உணவுக் கூடத்தில் அவர்களுக்கு ஜன்னலோரத்து மேசை. வெளியே பொம்மை ரயில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டிச் சின்னப் பிள்ளைகளுக்கான உயர்ந்த நாற்காலி போட்டிருந்தார்கள். சின்னவள் பட்டையை அதன் கையில் கட்டினாள். பரிமாறும் பெண் ஐந்து தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாவது தட்டில் ஓரம் வெட்டிய ரொட்டி, மஞ்சள் கரு தனியாக வெள்ளை தனியாக வைத்த முட்டை. பால் மட்டும் நீலக் கோப்பையில் வந்தது. மற்ற கோப்பைகள் எல்லாம் வெள்ளை.

இது ஏன் இப்படி என்று மனைவி கேட்டாள். விருப்பக் குறிப்பில் இருக்கிறது என்று பரிமாறும் பெண் மேலுடைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து ஒப்பித்தாள்: "ஓரம் வேண்டாம். மஞ்சளும் வெள்ளையும் ஒட்டக் கூடாது. பால் நீலக் கோப்பையில் கொடுத்தால் குடிப்பான். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால், ரயில் வந்து போவதற்குள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவான்."

அட்டையைப் பையில் வைத்துவிட்டு, அவள் நாற்காலியின் பக்கம் குனிந்து, "சாப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"யாரோ ஒரு அம்மா உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்கா" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு ரொட்டியை அவள் கொறித்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

மதியமும் அப்படியே நடந்தது. சூப்பை ஊதி ஆற்றியே கொண்டுவந்தார்கள். கரண்டி சிறியதாக இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் சின்னவள் நாற்காலியைப் பார்த்து, "தம்பி, அங்க பாரு" என்றாள். பெரியவள் முதலில் கேலி செய்தாள். மூன்றாவது ரயிலுக்குக் கேலி நின்றது. நாலாவது ரயிலுக்கு அவளே தன் நாற்காலியை நகர்த்தி, ஜன்னலை மறைக்காமல் தள்ளி உட்கார்ந்தாள்.

மாலையில் தங்குமிடத்துக்கு ஒரு தாள் வந்தது. உண்ணாமை அறிக்கை. ஐந்தாவது விருந்தினர் இரண்டு வேளையாக எதையும் தொடவில்லை. மூன்றாவது வேளையும் இது தொடர்ந்தால் பூங்காவின் உபசரிப்புக்கு இழுக்கு என்று கருதி ஐவரின் மேசையும் திரும்பப் பெறப்படும். கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து, பாதி பக்கத்துக்கு.

இரவுச் சாப்பாடு தங்குமிடத்திலேயே ஆனது. மறுநாள் காலை மனைவி ஒரு வழி கண்டாள். எல்லா அம்மாக்களுக்கும் கைவந்த வேலைதான்: பிள்ளை மிச்சம் வைத்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. தன் தட்டை முடித்துவிட்டு ஐந்தாவது தட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்றாள். மஞ்சளை முதலில், வெள்ளையை அப்புறம். நீலக் கோப்பையையும் மடமடவென்று குடித்து வைத்தாள்.

தட்டு காலியான செய்தி எட்டி, மேற்பார்வையாளர் நேரிலேயே வந்துவிட்டார். பொத்தான்களெல்லாம் மின்னுகிற சட்டை. முகத்தில் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிய பூரிப்பு. காலி நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவர் நல்ல மனநிலையில் இருப்பதைப் பார்த்து, அந்தக் குடும்பம் ஏன் வரவில்லை என்று பல்செட்காரர் மெதுவாகக் கேட்டார்.

மேற்பார்வையாளருக்குத் தங்கள் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாங்க யாரையும் அவ்வளவு லேசுல விட்டுர்றதில்ல சார். மூணு கடிதம் போட்டோம். ஒரே ஒரு பதில் வந்துச்சு. பதிவுக்கு அப்புறம் சின்னப் பையனுக்குக் காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்து, இப்ப பையன் இல்லைன்னு எழுதியிருந்தாங்க. உடனே பதில் போட்டேன். இல்லைன்னா எங்க இருக்கார், புது விலாசம் கொடுங்கன்னு."

மனைவி காலி நீலக் கோப்பையைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க படிவத்துல ரெண்டே கட்டம்தான். வந்தவர், வரவேண்டியவர். 'இல்லை'ன்னு ஒரு கட்டம் கிடையாது. அப்படி ஒண்ணு வச்சா ஆளாளுக்கு அதுல போய் உக்காந்துக்குவாங்க, அப்பறம் மேசைய யாரு நிரப்பறது? பத்து வருஷமா எங்க கூடத்துல ஒரு நாற்காலிகூட காலியா இருந்ததில்ல சார்." அவர் எழுந்து மறுபடி அந்த நாற்காலியைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு மத்தியானம் கோட்டை மண்டபத்துல தம்பிக்குப் பிறந்தநாள். அஞ்சு முடியுது. மேளத்தோட வரோம்."

அவர் போனதும் மனைவி எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அந்தக் குழந்தை தட்டுல இருந்து எடுத்துச் சாப்பிட்டுட்டேங்க" என்றாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அடுத்த நிமிடமே, பாவம், சின்னவள் கரடி கரடி என்று கிடக்கிறாளே என்றாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் போயிற்று. பல்செட்காரர் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம், பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தபோது, தங்குமிடத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு படிவத்தின் நகலை எடுத்தார். அடியில் முதல் குடும்பம் என்று போட்டு ஒரு தொலைபேசி எண் இருந்தது. பலூன் கட்டிய பிள்ளைகள் அவரை இடித்துக்கொண்டு ஓடின. என்ன பேசுவது என்று தெரியாமலேயே எண்ணை அழுத்தினார்.

எடுத்தது ஓர் ஆண் குரல். பூங்கா என்ற சொல்லைக் கேட்டதுமே, "நாங்கதான் எழுதிட்டமே, இன்னும் என்ன வேணும்?" என்றது. கோபம்கூட இல்லை, கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி. பல்செட்காரர் தான் பூங்கா ஆள் இல்லை, அந்த மேசையில் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் தொலைபேசி கை மாறியது.

"ஜன்னல் பக்கம் கொடுத்தாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கொடுத்தாங்கம்மா."

"கோப்பை?"

"நீலந்தான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பதிவு தொடங்கிய அன்று ஐந்து மணிக்கே எழுந்து காத்திருந்ததைச் சொன்னாள். நாலு நிமிடத்துக்குள் எல்லா வேளையையும் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பிள்ளைகளை எழுப்பிச் சொன்னாளாம். பல்செட்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, நாளைக்கு நாங்கள் போகவில்லை, போக மனசு வரவில்லை என்றார்.

"போங்க. நீங்க போகலன்னா வேற யாரையாவது உக்கார வைப்பாங்க. நீங்களாவது போன் பண்ணுனீங்க. ஒண்ணே ஒண்ணு எழுத மறந்துட்டேன். மேளம் அடிச்சு, கை தட்டி, எல்லாரும் சேந்து பாடுனா அவனுக்குப் பயம். மேசைக்கு அடியில போய் உக்காந்துக்குவான். படிவத்துல இடம் இருந்துச்சு. அப்பறமா எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். பாட மட்டும் வேண்டாம்னு சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றார். மனைவியிடம் சொன்னார். பிள்ளைகளுக்கு இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

காலையில் முதல் வேலையாக மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் நின்றார். குறிப்பில் திருத்தம் என்றால் நூற்று எண்பது நாளைக்கு முன்பு சொல்ல வேண்டும் என்று மேற்பார்வையாளர் வருத்தத்தோடு சொன்னார். அதுவும் இப்படி ஒரு கோரிக்கையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"மகிழ்ச்சிய நிறுத்தச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். பயப்படற பிள்ளைங்க நிறைய வரும். அதுங்களுக்காகத்தான் நாங்க இன்னும் கொஞ்சம் சத்தமா பாடறது. பயம் தெளியற வரைக்கும் பாடுவோம்."

கோட்டை மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். இவர்களுடைய மேசை நட்ட நடுவில். உயர்ந்த நாற்காலிக்குப் பின்னால் ஐந்து பலூன்கள். சின்னவள் கரடிக்காக வலது கையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பல்செட்காரர் ஊழியர் ஒவ்வொருவரிடமும் போய், எங்கள் மேசையில் மட்டும் பாட வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார். எல்லோரும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு, மேற்பார்வையாளரைக் கேளுங்கள் என்றார்கள்.

சமையலறைக் கதவு திறந்தது. முன்னால் கேக், ஐந்து மெழுகுவர்த்தி. பின்னால் இருபது ஊழியர்கள், நாலு மேளம். அதற்கும் பின்னால், கழுத்தில் ஒரு மேளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற கரடி. மேற்பார்வையாளர் கையைத் தூக்கினார். முதல் அடி விழுந்தது. மேசையிலிருந்த கரண்டிகள் அதிர்ந்தன.

சின்னவள் கரடியைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, தம்பி கீழ போயிட்டான்."

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று அவள் தலையசைத்தாள். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர்களிடம்கூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத அந்த மனிதர், நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்டியிட்டார். மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்தார். அங்கே இருட்டாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டினார்.

எழுந்தபோது இடது கை மடங்கி உட்காரும் இடத்தைத் தாங்கியிருந்தது. வலது கை முதுகை அணைத்திருந்தது. தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். கை தானாக அந்த வாட்டத்துக்குப் போயிற்று.

"பையன் தூங்கிட்டான்" என்றார்.

மேற்பார்வையாளரின் கை அந்தரத்தில் நின்றது. வெறுமையாக இருந்த அந்தக் கைகளுக்கு நடுவே அவர் நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு அவருக்குக் கட்டம் இல்லை. கடைசியில் அவர் விரலை உதட்டில் வைத்து, ஊழியர்கள் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்.

"விதி நாற்பத்தொண்ணு. தூங்கற குழந்தை பக்கத்துல யாரும் சத்தம் போடக் கூடாது."

மேளங்கள் நின்றன. பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று தெரியாமலேயே குரலைத் தாழ்த்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மண்டபமே அடங்கிப்போயிற்று. பெரியவள் நாற்காலியின் கையிலிருந்த பட்டையை அவிழ்த்து அப்பாவின் விரல்களுக்குள் செருகினாள். நாலு பேரும் நடந்தார்கள். இருபது ஊழியர்களும் வழிவிட்டு நுனிக்காலில் நின்றார்கள்.

கரடி மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வந்தது. சின்னவள் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கையை, அந்தப் பெரிய துணிக் கையை, பல்செட்காரரின் தோளுக்கு அருகே, வெற்றிடத்தில், தலை சரிந்துவிடாமல் தாங்குவதுபோல வைத்துக்கொண்டது. உள்ளே இருந்த ஆள் யாரோ, எவரோ. பேச அவருக்கு அனுமதி இல்லை. வாசல்வரை அப்படியே கூட வந்தார்.

வாசலில் எழுத்தர் ஐந்து பட்டைகளையும் இயந்திரத்தில் காட்டினார். ஐந்து தடவை மணி அடித்தது. தாளில் வரவேண்டியவர் என்பதை அடித்துவிட்டு, வந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கணக்கு நேரான திருப்தியில், தம்பி நன்றாகச் சாப்பிட்டாரா என்றும் விசாரித்தார். மனைவிதான் பதில் சொன்னாள். சாப்பிட்டான் என்றாள்.

பேருந்து நிறுத்தம்வரை பல்செட்காரர் கையைக் கீழே இறக்கவில்லை. யாரும் இறக்கச் சொல்லவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், மெல்ல, மிக மெல்ல, கையைப் பிரித்தார். இடது கை மரத்துப்போய்ச் சிவந்திருந்தது. மனைவி அதைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

பேருந்து வருவதற்குள் அந்த எண்ணுக்குப் பேசினார். பாடவில்லை என்றார். எப்படி நிறுத்தினார் என்பதை ஒன்று விடாமல் சொன்னார். கிறுக்குத்தனமாகத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மா எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கனமா இருந்தானா?"

பல்செட்காரர் பொய் பேசிப் பழகாதவர். வலது கையால் இடது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"இருந்தாம்மா."

"ஆமா" என்றாள் அவள். "சாப்பிட்டுத் தூங்குனா அப்படித்தான் கனப்பான்."